முப்பிடாதியம்மாளுக்கு எழுதிய நற்சான்று

1957 ஆகஸ்ட் 29, வியாழன்

காலையிலிருந்து சாரல் விடவில்லை. ரிப்பன் நமுத்துப் போய் எழுத்தெல்லாம் அப்பிக்கொண்டு விழுகிறது. இந்தச் சீசன் முடிவதற்குள் மூன்று மெஷினும் துருப்பிடித்துவிடும் போலிருக்கிறது.

பதினொரு மணிக்கு சிவகிரி தளவாய் அண்ணாச்சி என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். குற்றாலத்துப் பங்களாவை விற்றுவிட்டார். மனைவி இறந்த பிறகு அங்கே இருப்புக் கொள்ளவில்லையாம். மதராஸில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். பின்னாலேயே முப்பிடாதியம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வந்து வாசலோரம் நின்றாள். அண்ணாச்சியின் மனைவி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தூக்கி, குளிப்பாட்டி, எல்லாம் பார்த்தவள் இவள்தான். இலஞ்சிக்காரி. புருஷன் தென்னையிலிருந்து விழுந்து இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள்.

"மைதீன், இவளுக்கு ஒரு சர்டிபிகேட் அடியும். நான் போனப்புறம் எங்கயாச்சும் வேலைக்குச் சேரணும்லா. நல்ல இங்கிலீசுல கொஞ்சம் கனமா இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

"என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"எந்த வேலைன்னாலும் குனிஞ்சு நிமிந்து செய்வா. முகஞ்சுளிக்க மாட்டா. எசமான் மனங்கோணாம நடந்துக்கிடுவா. அவ்வளவுதான்."

குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதற்கு ஆங்கிலத்தில் என்ன? 'ஹார்ட் ஒர்க்கிங்' என்று எல்லோரும் போடுவார்கள். கொஞ்சம் யோசித்தேன். சட்டென்று வந்தது. 'ஷி வில் ஸ்டூப் டு எனிதிங் டு ப்ளீஸ் ஹெர் மாஸ்டர்.' படித்துக் காட்டினேன். தளவாய் அண்ணாச்சிக்கு ஆங்கிலம் தந்தி படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். காதுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தமிழில் கையெழுத்துப் போட்டார். முப்பிடாதியம்மாள் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஸ்டூப். நல்ல சொல். நெசவாளி மசூதுக்கு உதவித்தொகை மனு எழுதியபோது பழகிய சொல். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துபோன மனிதர். டாக்டர் கொடுத்த சீட்டில் 'ஹாஸ் எ ஸ்டூப்' என்று இருந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு பிரியம்.

செப்டம்பர் 3

வெயில் வந்துவிட்டது. சுரண்டையிலிருந்து புதிதாக இரண்டு பிள்ளைகள் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குச் சேர்ந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வரும்போது முப்பிடாதியம்மாள் இன்ஸ்டிட்யூட் வாசலில் காத்திருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலை கேட்டுப் போனாளாம். வெள்ளைக்கார டாக்டரம்மா தாளை இரண்டு தரம் படித்தார்களாம். பிறகு இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மடித்துக் கையில் கொடுத்து, "இங்கே வேலை இல்லை" என்றார்களாம்.

"ஒரு கேள்வி கேக்கல அண்ணாச்சி. எனக்குப் பின்னால நின்னவள அன்னைக்கே சேத்துக்கிட்டாவ. தாள்ல ஏதும் விட்டுப்போச்சா? ஒருக்க வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். எந்த வேலைக்கும் குனிந்து நிமிர்வாள், எஜமான் மனம் கோணாமல் நடப்பாள் என்று தமிழிலும் சொன்னேன். எதுவும் விட்டுப்போகவில்லை, இந்த இங்கிலீஷைப் பார்த்தால் கலெக்டரே வேலை கொடுப்பார் என்றேன். சிரித்தாள். நம்பிப் போனாள்.

அக்டோபர் 14

செங்கோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பங்களா வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டு அங்கேயும் போயிருக்கிறாள். அதுவும் இல்லை. நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் நடக்கல" என்று மட்டும் சொன்னாள். முகம் சரியில்லை. காய்ச்சலோ என்னவோ.

நவம்பர் 9, சனி

எப்படி எழுதுவது?

அந்த ரப்பர் எஸ்டேட் ஹெட்கிளார்க் நல்லகண்ணு, தன் தங்கச்சி மகனுக்கு அப்ளிகேஷன் அடிக்க வந்தார். காப்பி வாங்கிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் அவராகவே தொடங்கினார்.

"என்னவே மைதீன், ஒரு கூத்து கேளும். போன மாசம் ஒரு பொம்பள வேலைக்கு வந்தா. இலஞ்சியாம். ஒரு சர்டிபிகேட் கொண்டுவந்தா பாரும்! எவனோ முதலாளி கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். எசமானுக்குப் பிடிக்கும்னா எந்தக் கேவலத்துக்கும் இறங்குவாளாம்! பச்சையா எழுதியிருக்கான்வே. சின்ன துரை படிச்சுட்டு மேசையில அடிச்சு அடிச்சுச் சிரிச்சாரு."

அப்படி இருக்காது, 'குனிந்து வேலை செய்வாள்' என்றுதான் அர்த்தம் என்றேன்.

"யாரு சொன்னா? ஸ்டூப்புன்னா குனியறது, சரி. பின்னால 'டு' போட்டா வேற சங்கதிவே. 'ஐ வோண்ட் ஸ்டூப் டு தட்'னு துரை தினம் சொல்லுவாரு. அந்த அளவுக்கு நான் கீழ எறங்க மாட்டேன்னு அர்த்தம்."

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். யார் எழுதிய ஆங்கிலம் என்று அவருக்குத் தெரியாது. தாளில் என் பெயர் இல்லை.

நவம்பர் 10

என்னிடம் இருக்கும் சின்ன அகராதியில் 'குனி, வளை' என்று இரண்டு சொல்தான். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், எனக்கு மொழிபெயர்ப்பு வேலை தரும் வக்கீல் வீட்டுக்குப் போய்ப் பெரிய அகராதியைக் கேட்டேன். எதற்கு என்றார். ஒரு வழக்குப் பத்திரம் என்று பொய் சொன்னேன்.

பாதிப் பக்கத்துக்கு இருந்தது. உடம்பை முன்னால் வளைத்தல். வயதால் வரும் கூன். பருந்து இறக்கையை ஒடுக்கிக்கொண்டு இரைமேல் விழுதல் — அதற்கும் இதே சொல்லாம். கடைசியில்: தன் மானத்தை விட்டு இறங்குதல், இழிசெயலுக்கு உடன்படுதல். அதற்குக் கீழே உதாரணம், 'டு' போட்டு.

ஒரு பெண்ணைப் பற்றி. 'எஜமானை மகிழ்விக்க' என்றும் சேர்த்து. என் கையால்.

வக்கீல் வீட்டு அம்மா மோர் கொடுத்தார்கள். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 11

எட்டு வருஷத்துக் கார்பன் காப்பிகளை இறக்கி வைத்துப் பார்க்கிறேன். எத்தனை மனு, எத்தனை பேர். இதில் எங்கெங்கே என்னென்ன சொல் கிடக்கிறதோ? யார் யாருக்கு எந்தக் கதவு சாத்தப்பட்டதோ? மசூதுடையது சரியாக இருக்கிறது. மற்றவை? சரி என்று தோன்றுகிற சொல்லையெல்லாம் இப்போது நம்ப முடியவில்லை. சாதாரணச் சொற்கள்கூட முறைத்துப் பார்க்கின்றன.

நவம்பர் 13

அவளிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 14

எப்படிச் சொல்ல? 'அம்மா, உன்னைப் பற்றி அசிங்கமாக எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன்' என்றா? ஊருக்குத் தெரிந்தால் இன்ஸ்டிட்யூட் என்ன ஆகும்? தென்காசியில் இங்கிலீஷ் மனு என்றால் மைதீன் என்கிற பேர் ஒரு நாளில் வந்ததா?

அவள் அந்தத் தாளை இனி யாரிடமும் காட்டாமல் இருந்தால் போதுமே. காட்டாமலா இருப்பாள்? அதுதானே அவளிடம் இருப்பது.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூசுகிறது. குற்றாலம் ரோட்டில் அவள் எதிரே வந்தாள். தலையில் விறகு. நான் சைக்கிளை விட்டிறங்கி, செயின் கழன்றதுபோல் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். செயின் சரியாகத்தான் இருந்தது. அவள் கடந்து போகும்வரை நிமிரவில்லை.

என்னைப் பார்த்திருப்பாளோ?

டிசம்பர் 6

முப்பிடாதியம்மாள் பீடி சுற்றுகிறாளாம். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாளாம், இலை வெட்ட. இலஞ்சியிலிருந்து படிக்க வரும் பரீது பேச்சோடு பேச்சாகச் சொன்னான். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு டைப் அடிக்கிறான். நான் பக்கத்து அறைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

தொழுகையில் ருகூவுக்குக் குனியும்போதெல்லாம் அந்தச் சொல் வந்து நிற்கிறது. ஓதல் தடுமாறுகிறது. இமாம் நிமிர்ந்த பிறகும் நான் குனிந்தே நின்றேனாம். பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்தார்.

டிசம்பர் 18, புதன்

ஒரு வழி தோன்றியது. தளவாய் அண்ணாச்சிக்கு மதராஸ் விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். 'பழைய நற்சான்றிதழ் மழையில் நனைந்துவிட்டது, புதிதாக ஒன்று அடித்து அனுப்புகிறேன், கையெழுத்திட்டுத் தரவும்' என்று. நனைந்துவிட்டதாம். பொய்க்கு மேல் பொய். ஆனால் அவர் கையெழுத்து வந்துவிட்டால் பழைய தாளை வாங்கிக் கிழித்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

இன்று கொஞ்சம் சாப்பிட்டேன்.

1958 ஜனவரி 4, சனி

மதராஸிலிருந்து பதில். மகன் எழுதியிருக்கிறார். அப்பா கார்த்திகையிலேயே காலமாகிவிட்டார்.

நல்ல மனிதர். அந்தத் துக்கம் முதலில் வரவில்லை எனக்கு. கையெழுத்து போச்சே என்றுதான் முதலில் வந்தது. என்ன மனுஷன் நான்.

ஜனவரி 6

அவருடைய பழைய கடிதம் ஒன்று பைலில் இருக்கிறது. 'சிவகிரி ப. தளவாய்.' ளகரத்தின் சுழி பெரிதாக, கடைசியில் ஒரு கோடு இழுத்து. கஷ்டமான கையெழுத்து இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு புதுச் சான்றிதழ் அடித்தேன். எளிய ஆங்கிலம். போன ஆகஸ்ட் தேதி. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அவர் கையெழுத்தைப் பழகினேன். ஒன்பதாவது தரம் வந்துவிட்டது. பத்தாவது, அவரே போட்டதுபோல்.

என் மனைவி ராபியா சோற்றுத் தூக்கோடு வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும்.

"ஏங்க, இது தளவாய் அண்ணாச்சி கையெழுத்துல்லா?" என்று கேட்டாள். பிறகு மெதுவாக, "மவுத்தானவரு கையெழுத்தயா போட்டுப் பாக்குதீய?"

அவள் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூப் என்றால் என்ன, 'டு' என்றால் என்ன, நல்லகண்ணு சொன்னது, சைக்கிள் செயின் வரைக்கும். பத்து வருஷத்தில் இவ்வளவு நேரம் நான் அவளிடம் தொடர்ந்து பேசியதில்லை.

கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவகிட்டச் சொன்னீயளா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய?"

தாள்களை எடுத்து அடுப்புக்கு என்று மடியில் கட்டிக்கொண்டு போனாள். தூக்கில் இருந்த சோறு அப்படியே இருக்கிறது.

நினைத்துப் பார்க்கிறேன். அவள் வராமல் இருந்திருந்தால் பதினொன்றாவதைச் சான்றிதழில் போட்டிருப்பேன். செத்த மனிதனின் பெயரைத் திருடியிருப்பேன். பெரிய அகராதியில் அந்தக் கடைசி அர்த்தத்துக்கு நானே போதும், வேறு உதாரணம் வேண்டாம்.

ஜனவரி 12, ஞாயிறு

இலஞ்சிக்குப் போனேன்.

முப்பிடாதியம்மாள் வாசலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் கத்தரிக்கோலோடு இலை வெட்டிக்கொண்டிருந்தது. "வாங்க அண்ணாச்சி, இருங்க" என்று பாயை நகர்த்தினாள். நான் உட்காரவில்லை.

"அந்தச் சர்டிபிகேட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"எழுத்துப் பிழையா?"

"அர்த்தமே தப்பு. நான் நல்லதுன்னு நெனச்சுப் போட்ட வார்த்தை. அது வேற மாதிரி அர்த்தமாயிட்டு."

"என்ன அர்த்தம்? தமிழ்ல சொல்லும்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு, "ஏட்டி, போயி ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வா" என்று அனுப்பினாள். பிள்ளை தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்தேன். பிறகு சொன்னேன். எஜமானுக்குப் பிடிக்கும் என்றால் எந்தக் கேவலத்துக்கும் இறங்குவாள் என்று வருகிறது என்று.

அவள் கை நின்றது. பாதி சுற்றிய பீடி அவிழ்ந்து தூள் முறத்தில் கொட்டியது.

"அதான் அவன் அப்பிடிக் கேட்டானா" என்றாள்.

யார் என்று கேட்டேன். எஸ்டேட்டுச் சின்ன துரை. தாளைப் படித்துச் சிரித்தானாம். பிறகு கிளார்க்கை வெளியே அனுப்பிவிட்டு, உடைந்த தமிழில், சாயங்காலம் பின்வாசல் வழியாகத் தனியே வா, வேலை தருகிறேன் என்றானாம். இவள் மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறாள். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை.

"வீட்டுக்கு வந்து கண்ணாடியப் பாத்தேன். எம் மூஞ்சில அப்பிடி என்ன இருக்குன்னு இவன் இப்பிடிக் கேக்கான்னு. ஒரு வாரம் பாத்தேன். பொட்டு வைக்கல, பூ வைக்கல, பெறவு என்னத்தப் பாத்துக் கேட்டான்? கடைசியில நீரு எழுதினதத்தான் பாத்திருக்கான்."

மன்னிக்கச் சொன்னேன். தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன்.

"தெரியாம எழுதினீரு, சரி. எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாமா என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் யோசித்தேன். "நவம்பர்ல."

விரலை மடக்கி எண்ணினாள். "ரெண்டு மாசம். ரெண்டு மாசமா எம் மக பள்ளிக்கூடம் போகல. நீரு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீரு?"

என்ன செய்துகொண்டிருந்தேன்? பயந்துகொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தாள். நாலாக மடித்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

"இத எங்கெங்க காட்டினேனோ அங்கங்க நீரு வந்து, எம் முன்னால, உம்ம வாயால சொல்லணும். நான் சொன்னா எவன் நம்புவான்? ஆஸ்பத்திரியிலயும் சொல்லணும். அந்தக் கிளார்க்குகிட்டயும் சொல்லணும். பெறவு எங்கிட்டப் பேச்சு வச்சுக்கிடாதேயும்."

ஜனவரி 13

நல்லகண்ணுவிடம் சொன்னால் செங்கோட்டை முழுக்கத் தெரியும். செங்கோட்டைக்குத் தெரிந்தால் தென்காசிக்குத் தெரியும். ராபியாவிடம் இதைச் சொன்னேன். "ஆமா, தெரியும்" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 20, திங்கள்

காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் நன்றாக வருகிறது, கொஞ்சம் பைபிள் தமிழ். நான் என் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள் வேறு ஏதாவது இருக்குமோ என்று பயம். தமிழிலேயே சொன்னேன். இந்தத் தாளை எழுதியவன் நான், கையெழுத்துப் போட்டவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவர் சொன்னது 'குனிந்து நிமிர்ந்து வேலை செய்வாள்' என்பதுதான், அதை இப்படிக் கெடுத்தது நான்.

டாக்டரம்மா தாளை மறுபடி படித்தார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஒரு எஜமான் தன் பெயரைப் போட்டு எங்களை எச்சரிக்கிறார் என்று நினைத்தேன். பெண்கள் வார்டு அல்லவா? நானும் விசாரித்திருக்க வேண்டும்" என்றார்கள்.

பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்கள். "அம்மா, நீங்கள் அந்த வீட்டில் என்ன வேலை செய்தீர்கள்?"

முப்பிடாதியம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தாள். யாரும் அதுவரை அவளிடமே கேட்டதில்லை போலும். மெதுவாகத்தான் தொடங்கினாள்.

"அந்த அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ வெளங்காது. பேச்சும் இல்ல. கண்ணுதான். விடிய ஒருக்க, மத்தியானம் ஒருக்க, அந்திக்கு ஒருக்க பொரட்டிப் போடுவேன். படுக்கைய சுருக்கமில்லாம இழுத்து விடுவேன். முதுகுல, குதிகால்ல கைய வச்சுப் பாப்பேன், சூடா இருந்துச்சுன்னா உடனே பொரட்டிருவேன். வேப்பெண்ணெய் தடவிப் பவுடர் போடுவேன்."

"படுக்கைப் புண் வந்ததா?"

"வரல."

"இரண்டு வருஷம்?"

"ரெண்டு வருசமும் ஒரு மாசமும். ஒண்ணுகூட வரல. வாணும்னா சிவகிரியில கேட்டுப் பாருங்க, அங்கதான் கொண்டு போனாவ, கடைசியாக் குளிப்பாட்டின பொம்பளைக இருக்காவ."

டாக்டரம்மா எழுந்து உள்ளே போய் ஒரு நர்ஸைக் கூட்டிவந்தார்கள். வார்டில் ஒரு கிழவிக்குப் படுக்கை மாற்ற வேண்டும், இவளை வைத்துச் செய்து பார் என்று அனுப்பினார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் தெரிந்தது. முழங்காலை மடக்கி, கிழவியின் தோளுக்குக் கீழ் ஒரு கையும் தொடைக்குக் கீழ் ஒரு கையும் கொடுத்து, ஒரே மூச்சில் புரட்டினாள். கிழவி முனகக்கூட இல்லை.

பத்து நாள் வந்து பார்க்கட்டும் என்றார்கள். சான்றிதழைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. நான் அதைத் திருப்பிக் கேட்டேன். "இது என்னிடம் இருக்கட்டும். உங்களைப் பயமுறுத்த அல்ல. எங்கள் ஊரிலிருந்து வரும் டாக்டர்களுக்குக் காட்டுவேன், ஒரு காகிதத்தை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள் என்று" என்றார்கள்.

வெளியே வந்ததும் அவள், "இன்னும் ஒரு எடம் இருக்கு" என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

செங்கோட்டை. நல்லகண்ணு வீட்டு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்றேன். முப்பிடாதியம்மாள் "இங்கனயே சொல்லும்" என்றாள்.

சொன்னேன். இந்த அம்மாவைப் பற்றி அந்தத் தாளில் இருந்தது முழுப் பொய், அது அரைகுறை இங்கிலீஷால் வந்தது, அந்த அரைகுறை நான்தான் என்றேன்.

நல்லகண்ணு முதலில் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப அது உம்ம இங்கிலீசாவே? எம் மருமகன் அப்ளிகேசனும் உம்ம கிட்டத்தானவே அடிச்சேன்!" நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர் அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். சொன்னேன்.

முப்பிடாதியம்மாள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு நல்லகண்ணுவிடம், "நீரு எத்தன பேருகிட்ட எம் பேரச் சொல்லிச் சிரிச்சீரோ, அத்தன பேருகிட்டயும் இதச் சொல்லிச் சிரியும்" என்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து நின்றே பதில் சொன்னார். "சொல்லுதேம்மா. தப்புத்தான்."

திரும்பும்போது அவள் வேறு பஸ்ஸில் போனாள்.

பிப்ரவரி 9

நல்லகண்ணு வாக்கைக் காப்பாற்றுகிறார். இன்று கடைத்தெருவில் யாரோ பின்னாலிருந்து "ஸ்டூப் சாய்பு!" என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். ஐந்தாறு முகம், எல்லாம் வேறு பக்கம் பார்க்கின்றன.

பிப்ரவரி 17

வக்கீல் இந்த மாதம் மொழிபெயர்க்க ஒன்றும் அனுப்பவில்லை. சுரண்டைப் பிள்ளைகள் இரண்டும் நின்றுவிட்டன. மத்தியானங்களில் மெஷின்கள் சும்மா இருக்கின்றன. வாடகைக்கு என்ன செய்வேன்?

ஆனாலும் ஒன்று. எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்து சைக்கிளை மிதிப்பது நின்றுவிட்டது.

மார்ச் 3, திங்கள்

பரீது சொன்னான்: முப்பிடாதியம்மாள் மகள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. ஒரு வகுப்பு பின்னால் உட்காரவைத்திருக்கிறார்களாம்.

மார்ச் 4

வக்கீலிடம் போய், அகராதி கேட்ட அன்று சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, பெரிய அகராதியை வாரம் ஒரு தரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேலை எதுவும் கொடுக்கவில்லை.

1961 ஜூலை 18, செவ்வாய்

ராபியாவுக்குக் காய்ச்சல் விட்டு இன்று மூன்றாவது நாள். டைபாய்டு என்று மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. நடுவில் நாலு நாள் என்னைக்கூட அடையாளம் தெரியவில்லை அவளுக்கு. அந்த நாட்களில் ஒரு வரிகூட எழுதவில்லை. என்ன எழுத? வராந்தாவில் உட்கார்ந்து உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

பெண்கள் வார்டில் முப்பிடாதியம்மாள்தான் பகல் ஆயா. வேலை நிரந்தரமாகி மூன்று வருஷம் ஆகிறது. ராபியாவைப் புரட்டுவதும், தலை வாரிவிடுவதும், துடைத்துவிடுவதும் எல்லாம் அவள்தான். ராபியாவிடம் வாய் ஓயாமல் பேசுகிறாள். அன்று இலஞ்சியில் சொன்னபடியே என்னிடம் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. அவள் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இன்று டாக்டரம்மா ராபியாவுக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வராந்தாவில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். முப்பிடாதியம்மாள் வாளியோடு வெளியே வந்தாள். கடந்து போனாள். நாலடி போய் நின்று, திரும்பாமலேயே சொன்னாள்:

"நாளைக்குக் கஞ்சி கொண்டாரும்போது துணியில வடிச்சுக் கொண்டாரும். ஒரு பருக்கை இருந்தாலும் கொடலுக்கு ஆகாது."

"சரி" என்றேன். "எந்தத் துணியில வடிக்க?"

"பழைய மல் வேட்டி இருக்கும்லா. வெந்நியில அலசிட்டுக் கிழியும்" என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போனாள்.

வேட்டியை அலசிக் காயப்போட்டிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.